பட்டன் இருந்தும் வெடித்த டயர்: டிராக்டர் டிரெய்லர் டயரை எப்போது மாற்றுவது?

இரண்டு வருடம் முன்பு மாசி மாதத்தில், வேலூர் மாவட்டத்தில் கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன என் டிரெய்லரின் இடது பின் டயர் லத்தேரி தாண்டியதும் வெடித்தது. பாரம் ஒரு பக்கம் சாய, மேல் கட்டுகள் அறுந்து பாதிக் கரும்பு ரோட்டில். மதியம் ஒரு மணி வெயில். இன்னொரு டிரெய்லரை வாடகைக்குப் பிடித்து, ஆள் வைத்து ஏற்றி, ஆலை வாசலுக்குப் போனபோது ராத்திரி ஆகிவிட்டது, வெட்டின கரும்பு வெயிலில் காய்ந்து எடை இழந்தது தனிக் கணக்கு. அன்றைக்கு ஆன செலவில் இரண்டு புது டயர் வாங்கியிருக்கலாம்.

இத்தனைக்கும் அந்த டயரில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேல் ரப்பர் கட்டைகள், முக்கால்வாசி இருந்தது. டிரெய்லரை செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது விற்றவர் "டயர் பாருங்க, ரெண்டு சீசன்தான் ஓடியிருக்கு" என்று தட்டிக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை, இரண்டு சீசன்தான் ஓடியிருக்கும். பஞ்சர் கடை அண்ணன்தான் கிழிந்த டயரைப் புரட்டி, சைடில் இருந்த நாலு எண்ணைக் காட்டினார்: 3812. அதாவது 2012-இல் செய்த டயர். ஓடியது இரண்டு சீசன், மீதி வருடமெல்லாம் களத்து மேட்டில் வெயில் காய்ந்திருக்கிறது.

லாரி டயர் ஓடித் தேய்ந்து சாகும். நம் டிரெய்லர் டயர் நின்று காய்ந்து சாகும். அதனால் லாரிக்காரர் சொல்லும் கணக்கு நமக்குச் சரிவராது. புதிதாக டிரெய்லர் வாங்கியவர்கள், அப்பா காலத்து டிரெய்லரை மறுபடி ஓட்டத் தொடங்குகிறவர்கள் இதே வரிசையில் பாருங்கள்.

1. முதலில் தேதி, அப்புறம்தான் பட்டன்

டயரின் சைடில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம், தோராயமாக ஜூன் மாதம். மூன்று எண் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், அதைப் பற்றி மேலே பேச எதுவுமில்லை, கழற்றிப் போடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தால் நீங்கள் வெளியே எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. டிரெய்லருக்கு அடியில் டார்ச்சோடு படுத்துப் பார்க்க வேண்டும். வெட்கப்படாதீர்கள், வாங்கும்போது விற்பவர் முன்னாலேயே படுத்துப் பாருங்கள். நான் படுக்காததால்தான் இந்தக் கட்டுரை.

ஸ்டெப்னியையும் விடாதீர்கள். பெரும்பாலும் வண்டியிலேயே வயதான டயர் அதுதான்.

2. சைடு வெடிப்பு

டயர் ரப்பரில் ஒருவகை மெழுகு கலந்திருப்பார்கள். சக்கரம் உருண்டு டயர் மடங்கி விரியும்போது அது மெல்ல மேலே கசிந்து வந்து வெயிலிலிருந்தும் காற்றில் உள்ள ஓசோனிலிருந்தும் ரப்பரைக் காப்பாற்றும். நின்றுகொண்டே இருக்கும் டயரில் அந்த மெழுகு மேலே வருவதில்லை. அதனால்தான் ஓடாத டயரின் ரப்பரில் சீக்கிரம் வெடிப்பு விடுகிறது. வேலூர் கத்திரி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் திறந்தவெளியில் மூன்று கோடை நின்ற டயர் எப்படி இருக்கும் என்று பார்த்தால் தெரியும்.

டயரைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிட்டுப் பாருங்கள். மண்ணோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. தலைமுடி போல மேலாக மெல்லிய கோடுகள் மட்டும் இருந்தால் உடனே பயப்பட வேண்டாம், ஆனால் தேதியோடு சேர்த்து யோசியுங்கள். கோட்டில் நகம் இறங்கினால் பாரம் ஏற்றாதீர்கள். பட்டனுக்கு நடுவே பள்ளத்தின் அடியில் வெடிப்பு ஓடினால், அல்லது டிஸ்க்கை (டயர் மாட்டும் இரும்புச் சக்கரம்) ஒட்டிய இடத்தில் வளையமாக வெடித்திருந்தால், மாற்றியே ஆக வேண்டும். ரப்பருக்குள் பின்னியிருக்கும் நூல் வெளியே தெரிந்தாலும், சைடில் எங்காவது முட்டை போலப் புடைத்திருந்தாலும் வெறும் வண்டியைக்கூட மெயின் ரோட்டில் இழுக்காதீர்கள். புடைப்பு என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது, ரப்பர் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கறுப்பு பாலிஷ் அடித்துப் பளபளவென்று இருக்கும் பழைய டயரைப் பார்த்தால் எனக்கு இப்போது உடனே சந்தேகம்தான் வருகிறது. பாலிஷ் வெடிப்பை நன்றாக மூடும்.

3. பட்டன்

பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும், அதற்கு நேராகச் சைடில் டி.டபிள்யூ.ஐ என்று ஆங்கில எழுத்துகளோ சின்ன முக்கோணமோ போட்டிருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், சட்டப்படியும் அதுதான் கடைசி. மேடு இல்லாத டயரில் ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் நிறுத்தி நகத்தால் அடையாளம் வைத்து ஸ்கேலில் அளந்துவிடலாம்.

தேய்ந்திருக்கும் விதத்தையும் கவனியுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மிச்சமிருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறார்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் ஆக்ஸில் வளைந்திருக்கும் அல்லது பேரிங் ஆட்டம் இருக்கும். அதைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் ஒரே சீசனில் புது டயரும் அதே மாதிரி ஆகும். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே பேரிங் விஷயம் தெரிந்துவிடும்.

4. காற்று: கட்டையால் தட்டிப் பார்ப்பது போதாது

டயர் வெடிப்பதற்குப் பெரிய காரணம் காற்று குறைவுதான். காற்று குறைந்தால் சைடு அதிகமாக மடங்கும், மடங்க மடங்க உள்ளே சூடு ஏறும், சூட்டில் ரப்பரும் நூலும் பிரியும். பாரம் ஏற்றினால் இது எல்லாமே இரட்டிப்பு. பழைய டயர் என்றால் கேட்கவே வேண்டாம்.

நம் ஊரில் ஸ்பேனரால் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அனுபவஸ்தர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் முழுக் காற்றுக்கும் அதில் கால்வாசி குறைந்த காற்றுக்கும் சத்தத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். சொந்தமாகக் காற்று அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி டூல் பாக்ஸில் போடுங்கள். எவ்வளவு காற்று என்பது டயர் சைடிலேயே அச்சாகியிருக்கும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான பிறகு அளந்தால் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள், அது நிறையப் பேர் செய்யும் தப்பு.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் காட்பாடிக்கு முன்னால் எங்காவது டீக்கு நிறுத்தும்போது நாலு டயரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிடச் சுடுகிறது என்றால் காற்று குறைந்திருக்கிறது, அல்லது அந்தச் சக்கரத்தின் பேரிங் போகப் போகிறது.

5. சரி, எப்போது மாற்றுவது?

நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு இது. ஐந்து வருடம் வரை, வெடிப்பு, புடைப்பு இல்லையென்றால் ஓட்டலாம். ஐந்து முடிந்ததும் ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் சக்கரத்தைக் கழற்றி இரண்டு சைடும் பார்க்க வேண்டும். ஆறு, ஏழு வருடம் ஆன டயரைக் கரும்பு, செங்கல், மணல் மாதிரியான முழுப் பாரத்துக்கு நான் வைப்பதில்லை, பட்டன் புதிது போல இருந்தாலும் சரி. வயலுக்கு எரு கொண்டுபோக, ஏரி வண்டல் அடிக்க, ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடுகிற வேலைக்கு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். பத்து வருடம் ஆகிவிட்டால் எந்த வேலைக்கும் வேண்டாம்.

"எங்க தாத்தா காலத்துல பதினஞ்சு வருஷம் ஓட்டினோம்" என்று யாராவது சொல்வார்கள். அப்போது மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார்கள், இன்றைக்கு டிராக்டர் போகும் வேகம் வேறு, ஏற்றும் பாரமும் வேறு.

6. எந்த டயர்: அளவு, பிளை, பாரம்

என் டிரெய்லருக்கு அளவு 7.50-16, பிளை (டயரின் நூல் அடுக்கு பலத்தைக் காட்டும் எண்) 16. உங்களுடையது வேறாக இருக்கலாம், பழைய டயரில் உள்ளதை அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய டயரே தப்பான அளவாக இருக்கவும் வாய்ப்புண்டு, முந்தைய சொந்தக்காரர் கையில் கிடைத்ததை மாட்டியிருப்பார். டிரெய்லரின் பதிவுப் பேப்பரில் டயர் அளவு குறித்திருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். வாடகைக்கு ஓட்டி எஃப்சி (தகுதிச் சான்று) காட்டுகிற வண்டி என்றால் இது ரொம்ப முக்கியம்.

சைடில் பாரக் குறியீடு என்று ஓர் எண் இருக்கும். 122 என்றால் ஒரு டயர் 1500 கிலோ தாங்கும். நாலு டயருக்கு 6 டன். டிரெய்லரின் சொந்த எடையும் அதற்குள்தான் அடக்கம் என்பதை மறந்துவிடுகிறோம். ஆலை எடை மேடைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் பாரத்தோடு எவ்வளவு, வெறும் வண்டி எவ்வளவு என்று இருக்கும். அதிலிருந்து டிராக்டர் எடையைக் கழித்துப் பார்த்தால் உங்கள் டயர்கள் எவ்வளவு சுமக்கின்றன என்று தெரியும். என் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, அந்தப் பன்னிரண்டு வருட டயர் அதுவரை தாங்கியதே பெரிது என்று தோன்றியது.

இன்னொன்று, டிரெய்லருக்கென்றே விற்கும் டயர்களில் ஏ8 என்று போட்டிருந்தால் அது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்கானது. ஏ6 என்றால் 30. பள்ளிகொண்டா பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் நைலான் வகை, மறுபக்கம் ரேடியல் வகை டயர் போடாதீர்கள். ஒன்று மட்டும் வெடித்தால் ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று கேட்பார்கள். நான் ஜோடியாகவே மாற்றச் சொல்வேன், ஏனென்றால் கூடவே பிறந்த மற்ற டயருக்கும் அதே வயதுதான்.

7. ஏமாறும் இடங்கள்

கடைகளில் லாரியிலிருந்து கழற்றிய டயரைப் பாதி விலைக்கும் குறைவாகக் காட்டுவார்கள். டிரெய்லருக்கு இது போதும் என்பார்கள். முதலில் தேதி பாருங்கள். அடுத்து, பட்டன் பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டியிருந்தால் ஓரம் கூர்மையாக இருக்கும், தேய்மானம் காட்டும் அந்தக் குறுக்கு மேடும் காணாமல் போயிருக்கும். அப்படி வெட்டிய டயரில் நூலுக்கு மேலே ரப்பரே இருக்காது.

ரீட்ரெட் டயரை நான் கெட்டது என்று சொல்லமாட்டேன். நல்ல உடம்பு உள்ள டயருக்குப் புது ரப்பர் ஒட்டினால் லாரியிலேயே ஓடுகிறது. ஆனால் மேல் ரப்பர் புதிது, உடம்பு பழையது. சைடில் இருக்கும் தேதி உடம்பின் தேதி. எட்டு வருட உடம்புக்கு ரப்பர் போட்டு வாங்குவது, உளுத்த கதவுக்குப் பெயின்ட் அடித்த மாதிரி.

புது டயரிலும் உண்டு. அதிகம் விற்காத அளவு என்றால் கடை மூலையில் இரண்டு வருடம் கிடந்திருக்கும். செய்து ஆறு மாதத்துக்குள் உள்ளதைக் கேளுங்கள். "ஸ்டாக் இல்லை, இதே இருக்கு" என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டு நாள் பொறுத்து வரவழைக்கச் சொல்லுங்கள்.

8. செலவும் பேப்பரும்

எனக்கு டயர், டியூப், பிளாப் (டியூபுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வைக்கும் ரப்பர் பட்டை) சேர்த்து ஒரு செட் 12,000 ரூபாயைத் தொட்டது. கம்பெனியைப் பொறுத்து, பிளையைப் பொறுத்து ஆயிரம் இரண்டாயிரம் முன்னே பின்னே இருக்கும். டயர் மாட்டும் கூலி ஒரு சக்கரத்துக்கு 200 கொடுத்தேன். பழைய டியூபையே போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பழைய டியூப் விரிந்து பெரிதாகியிருக்கும், புது டயருக்குள் மடிந்து உட்கார்ந்து அந்த மடிப்பிலேயே கிழியும். பிளாப்பும் அப்படித்தான்.

வரி விஷயம்: லாரி வகைப் புது டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. டிராக்டர் டயருக்கும் டியூபுக்கும் 5 சதவீதம். நீங்கள் வாங்குவதை எந்தக் கணக்கில் பில் போடுகிறார்கள் என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள், பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் சுட்டிக்காட்டுங்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் ஐந்நூறு, ஆயிரம் குறையும் என்று ஆசை காட்டுவார்கள். வேண்டாம். டயரில் தயாரிப்புக் குறை இருந்தால் கம்பெனியில் கேட்க பில்லும் வாரண்டி அட்டையும் வேண்டும். பில்லில் ஒவ்வொரு டயரின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள், அதைப் போட்டோ எடுத்து வையுங்கள், அந்த பில் மை ஒரே வருடத்தில் மறைந்துவிடும். கல்லில் கிழிந்தது, காற்று குறைவாக ஓட்டியது, இதற்கெல்லாம் வாரண்டி கிடையாது. தருவதும் முழுப் பணமாக இருக்காது, மிச்சமுள்ள பட்டனைக் கணக்கிட்டுத்தான் தருவார்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைத்தேன். டயர் மட்டும் வெடித்தால் அதிலிருந்து ஒரு பைசா வராது. கூடவே இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது: டிராக்டருக்கு ஒரு ஆர்சி, டிரெய்லருக்குத் தனி ஆர்சி, பாலிசியிலும் டிரெய்லர் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். என் பாலிசியில் டிராக்டர் மட்டும்தான் இருந்தது. நல்லவேளை, கரும்பு விழுந்தபோது பக்கத்தில் டூவீலர் எதுவும் வரவில்லை. இன்றைக்கே உங்கள் பாலிசியை எடுத்து டிரெய்லர் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள்.

9. எப்போது போவது

ஆலையில் கரும்பு அரவை தொடங்க ஒரு மாதம் முன்பு. சீசன் தொடங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள், உங்கள் அளவு கிடைக்காது, கிடைத்ததை மாட்டிக்கொண்டு வருவீர்கள். காலையில் முதல் ஆளாகப் போனால் நாலு சக்கரமும் மதியத்துக்குள் முடியும். பொய்கைச் சந்தை நடக்கும் செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கமாக டிரெய்லரோடு போகாதீர்கள், மாட்டு வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அரை நாள் போய்விடும்.

டிரெய்லரை இழுத்துக்கொண்டே போக வேண்டியதில்லை. வீட்டிலேயே ஜாக்கி போட்டு இரண்டிரண்டு சக்கரமாகக் கழற்றி ஒரு மினி லோடு வண்டியில் போட்டுக்கொண்டு போகலாம், டிரெய்லருக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது.

10. மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

பழைய டயரைக் கழற்றியதும் டிஸ்க்கைப் பாருங்கள். துரு செதில் செதிலாக இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள், வெடிப்பு இருந்தால் டிஸ்க்கே மாற்ற வேண்டும். டயருக்குள் மண், கல் இல்லாமல் துடைத்து, டியூபுக்குப் பவுடர் போட்டு ஏற்றச் சொல்லுங்கள். அவசரத்தில் இதைத்தான் முதலில் விடுவார்கள். தேதி எண் வெளிப்பக்கம் வருகிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள், அடுத்த முறை நீங்கள் அடியில் படுக்க வேண்டாம்.

முதல் லோடு அடித்து 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். புதிதாக மாட்டிய சக்கரத்தில் நட்டு கொஞ்சம் தளரும்.

11. நிற்கும் மாதங்களில்

சீசன் முடிந்ததும் பாரத்தை இறக்கிவிட்டு, காற்றை முழுதாக அடித்து, முடிந்தால் ஆக்ஸிலுக்கு அடியில் கல் வைத்துச் சக்கரம் தரையில் படாமல் நிறுத்துங்கள். முடியாவிட்டால் மாதம் ஒருமுறை ஓரடி முன்னே பின்னே தள்ளி வையுங்கள், ஒரே இடம் அமுங்கிக்கொண்டே இருக்கக் கூடாது. தெற்கு, மேற்குப் பக்கம் வெயில் படும் டயர்களைக் கோணிச் சாக்கால் மூடுங்கள். எருக்குழி ஓரத்திலும், டீசல் சிந்திய தரையிலும் நிறுத்தாதீர்கள்.

கழற்றிய பழைய டயர்களை வீட்டுப் பின்னால் போட்டு வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வரும். போகிக்கு எரிக்கலாம் என்று பையன்கள் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். நான் என்னுடைய மூன்றையும் பழைய இரும்புக் கடைக்கே போட்டேன், ஆனால் போடுவதற்கு முன் சைடில் கத்தியால் நீளமாகக் கிழித்துவிட்டேன். கடைக்காரர் முகம் சுளித்தார், கிழிக்காமல் கொண்டுவந்திருந்தால் கூட இருநூறு தந்திருப்பேன் என்றார்.